கண்ணாடிபோல் வழவழத்த கைடுவே திக்கித் திக்கி நகர்ந்தது ஏன்: ஒரு கிரைண்டிங் இயந்திரத்தின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கோயம்புத்தூரில் பம்பு மோட்டார்களுக்கான ஷாஃப்ட்டுகளை ஜாப் ஒர்க்காக கிரைண்டிங் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில், இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடித் தேய்ந்த சிலிண்ட்ரிக்கல் கிரைண்டிங் இயந்திரம் ஒன்றைப் புதுப்பித்த பிறகு நேர்ந்ததை இங்கே பதிவு செய்கிறேன். மூன்றாவது வாரத்தில்தான் நான் ஆலோசனைக்கு அழைக்கப்பட்டேன். அதற்கு முன் நடந்தவை உரிமையாளரும் ஆபரேட்டரும் சொல்லக் கேட்டவை. பின்னர் நடந்தவற்றில் நான் உடனிருந்தேன், சிலவற்றுக்கு நானே பொறுப்பும் ஆவேன்.

இந்த வகை இயந்திரத்தில் கிரைண்டிங் வீலையும் அதன் மோட்டாரையும் சுமக்கும் வீல்ஹெட், கைடுவே எனப்படும் இரண்டு தடங்களின் மீது, ஒன்று வி வடிவம், மற்றது தட்டை, உட்கார்ந்து, வேலைப்பொருளை நோக்கி முன்னும் பின்னும் சறுக்குகிறது. எங்கள் இயந்திரத்தில் சறுக்கும் பகுதியின், அதாவது ஸ்லைடின், மொத்த எடை 420 கிலோ. ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் அது 40 மி.மீ. வேகமாக முன்னே வரும். அதன் பிறகு ஏறத்தாழ 0.3 மி.மீ. தூரத்தை மிக மெதுவாக, கடைசி நொடிகளில் சில மைக்ரான் (மி.மீ.-இன் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில், ஊர்ந்து கடக்க வேண்டும். 25 மி.மீ. விட்டமுள்ள பேரிங் இருக்கையில் அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேறுபாடு 13 மைக்ரான். வீல் ஒரு மைக்ரான் கூடுதலாகப் போனால் விட்டத்தில் இரண்டு மைக்ரான் குறையும் என்பதால், ஸ்லைடின் நகர்வில் ஆறரை மைக்ரான் பிழையே முழு டாலரன்ஸையும் தின்றுவிடும்.

தேய்மானத்தால் வேலை டேப்பராக (ஒரு முனை பெருத்தும் மறுமுனை சிறுத்தும்) வரத் தொடங்கியதும், பெட் எனப்படும் அசையாத அடிப்பகுதியின் தடங்களையும் வீல்ஹெட் ஸ்லைடின் அடிப்பரப்பையும் வெளியே கொடுத்து கைடுவே கிரைண்டிங் செய்து வாங்கினார்கள். வந்த பரப்பு மிக நேர்த்தியாக இருந்தது. கரடுமுரட்டின் சராசரி 0.2 மைக்ரான் என்று அறிக்கையும் இருந்தது. தட்டைத் தடத்தில் குனிந்து பார்த்தால் முகம் தெரிந்தது என்று ஆபரேட்டர் பெருமையோடு சொன்னார்.

## புகாரும் முதல் இரண்டு வாரங்களும்

பொருத்தி ஓட்டிய முதல் நாளிலேயே அளவு தாவத் தொடங்கியது. கைச்சக்கரத்தை ஐந்து மைக்ரான் திருப்பினால் வீல் நகராது. இன்னும் ஐந்து திருப்பினாலும் நகராது. மூன்றாவது தடவை திருப்பும்போது மொத்தமாகப் பதினைந்து மைக்ரான் முன்னே விழும். தேய்ந்துபோயிருந்த காலத்தில் டேப்பர் வந்ததே தவிர இப்படித் தாவியதில்லை என்பதுதான் எல்லோரையும் குழப்பியது. காசு செலவழித்து வழவழப்பாக்கிய பிறகு முன்னைவிட மோசமானது எப்படி என்று உரிமையாளர் கேட்டதில் நியாயம் இருந்தது.

ஸ்லைடை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவின் நட்டில்தான் பேக்லாஷ் (மரைகளுக்கு இடையிலான தளர்வு) இருக்கிறது என்று முடிவு செய்து, நட்டைப் புதிதாகச் செய்து மாற்றினார்கள். பத்து நாள் இதில் போனது. தாவல் ஒரு மைக்ரான்கூடக் குறையவில்லை. பேக்லாஷ் என்றால் திசை மாற்றும்போது மட்டும் இழப்பு தெரியும். இங்கே ஒரே திசையில் தொடர்ந்து முன்னேறும்போதே தாவியது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் நட்டின் செலவு மிஞ்சியிருக்கும்.

## அளந்து பார்த்தவை

நான் சென்றதும் முதலில் செய்தது உராய்வை நேரடியாக அளந்ததுதான். நட்டைக் கழற்றிவிட்டு, ஸ்லைடை ஒரு எலக்ட்ரானிக் தொங்கு தராசின் வழியாக டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் இணைப்பான்) கொண்டு மெதுவாக இழுத்தோம். பத்து நிமிடம் அசையாமல் நிறுத்திவைத்து இழுத்தபோது நகரத் தொடங்க 72 கிலோ விசை தேவைப்பட்டது. நகரத் தொடங்கியபின் 46 கிலோவே போதுமானதாக இருந்தது. எடையோடு ஒப்பிட்டால் நிலை உராய்வு 0.17, இயக்க உராய்வு 0.11. நல்ல எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பரப்பு இப்படி இருக்காது. உலோகத்தின் மேடுகள் பெரும்பாலும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதை இந்த எண்களே காட்டின.

அடுத்து, நட்டை மீண்டும் மாட்டி, கைச்சக்கரத்தைப் பூட்டிவிட்டு, ஸ்லைடை 50 கிலோ விசையால் தள்ளி, நுண்ணிய நகர்வைக் காட்டும் டயலில் பார்த்தோம். அது 20 மைக்ரான் பின்வாங்கியது. அதாவது ஸ்க்ரூவும் நட்டும் தாங்கியும் சேர்ந்து, மைக்ரானுக்கு இரண்டரைக் கிலோ என்ற கடினத்துடன் ஒரு ஸ்பிரிங்போல் நடந்துகொள்கின்றன. சக்கரத்தைத் திருப்பும்போது இந்த ஸ்பிரிங் இறுகுகிறது. 72 கிலோவை எட்டும்வரை ஸ்லைடு அசையாது. அசைந்த நொடியில் எதிர்ப்பு 46 கிலோவுக்கு இறங்கிவிடுவதால், தேக்கிவைத்த விசை ஸ்லைடை உதைத்து முன்னே தள்ளுகிறது. தணிப்பு எதுவும் இல்லையென்றால், இரு விசைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போல் இரு மடங்கை அந்தக் கடினத்தால் வகுத்தால் கிடைக்கும் தூரம், அதாவது ஏறத்தாழ 21 மைக்ரான், தாவ வேண்டும். டயலில் நாங்கள் கண்டது 14 முதல் 18 மைக்ரான். எண்ணெய் கொஞ்சம் தணிக்கும் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு பொருந்தியது. இதைத்தான் ஸ்டிக் ஸ்லிப் என்கிறோம். இதைச் சரிசெய்ய மொத்த உராய்வைக் குறைப்பதைவிட, நகரத் தொடங்கும் விசைக்கும் நகரும் விசைக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது முக்கியம்.

இன்னொன்றும் தெரிந்தது. தடங்களுக்கு அவர்கள் ஊற்றிவந்தது ஹைட்ராலிக் தொட்டிக்கு வாங்கிய 68 கிரேடு எண்ணெய். அதே 68 கிரேடில் கைடுவேக்கென்றே விற்கும் எண்ணெயை மாற்றிப் பார்த்தோம். இரண்டின் பாகுநிலையும் ஒன்றே; 40 டிகிரியில் 68 மி.மீ.² / நொடி என்பதுதான் அந்த எண்ணின் பொருள். உலோகப் பரப்பில் ஒட்டிக்கொண்டு நிலை உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள்தான் வேறுபாடு. அதனால் மட்டுமே தொடக்க விசை 61 கிலோவுக்கு இறங்கியது, நகரும் விசை 45 ஆனது, தாவல் 8 முதல் 10 மைக்ரானாகக் குறைந்தது. ஆனால் ஓர் இரவு முழுக்க நிறுத்திவைத்துக் காலையில் இழுத்தால் தொடக்க விசை மறுபடி 69 கிலோவுக்கு ஏறியது. எண்ணெயால் பாதி வேலை ஆனது. மீதி வேலை பரப்பில் இருந்தது.

## ஸ்லைடைத் தூக்கிப் பார்த்தபோது

சங்கிலி போட்டு ஸ்லைடைத் தூக்கித் திருப்பி வைத்தபோது கண்டதை நான் இன்றும் மாணவர்களுக்கு வரைந்து காட்டுகிறேன். ஸ்லைடின் அடியில், குறுக்காக ஐந்து எண்ணெய் வாய்க்கால்கள், ஒன்றுக்கொன்று 110 மி.மீ. இடைவெளியில் வெட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு வாய்க்காலின் இருபுறமும் பரப்பு ஈரமாக, எண்ணெய் பூத்து இருந்தது. இரண்டு வாய்க்கால்களின் நடுவே ஏறத்தாழ இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை மட்டும் காய்ந்து, லேசாகப் பழுப்பேறி, நகத்தால் தேய்த்தால் கீச்சென்று ஒலித்தது. நான்கு இடைவெளிகளிலும் அதே இடத்தில் அதே பட்டை.

ஸ்லைடு முன்னும் பின்னும் போவது 40 மி.மீ. மட்டுமே. ஒரு வாய்க்காலைத் தொட்டு நனைந்த பெட்டின் பகுதி, ஸ்லைடின் அடியில் அதிகபட்சம் 40 மி.மீ. தூரம் எண்ணெயைச் சுமந்து செல்லும். இந்தப் பக்கத்திலிருந்து 40, அந்தப் பக்கத்திலிருந்து 40. 110-இல் மிச்சம் 30. அந்த 30 மி.மீ. பட்டைக்கு எந்த வாய்க்காலில் இருந்தும் எண்ணெய் நகர்ந்து வர வழியே இல்லை. முழுப் பரப்பும் வழவழப்பாகவும் சமமாகவும் இருந்ததால் இடையில் தேங்கி நிற்கவும் இடமில்லை. ஸ்லிப் கேஜ்களை (அளவு சரிபார்க்கும் வழவழப்பான எஃகுக் கட்டைகளை) ஒன்றன்மேல் ஒன்று அழுத்தித் திருகினால் பசையில்லாமலே பிடித்துக்கொள்வதை அறிந்தவர்களுக்கு, இரண்டு நேர்த்தியான பரப்புகள் எண்ணெயைப் பிதுக்கிவிட்டு ஒன்றையொன்று கவ்விக்கொள்வது புதிராக இருக்காது.

அப்படியானால் முன்பு எப்படி ஓடியது? அதே பட்டறையில் அதே காலத்து இன்னோர் இயந்திரம் இருந்தது. அதன் ஸ்லைடின் ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, மங்கலான பிறை வடிவப் பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன. இயந்திரத்தைச் செய்தவர்கள் கையால் ஸ்க்ரேப்பிங் செய்து (உயர்ந்த இடங்களைச் சுரண்டி எடுத்து), அதன்மேல் பிறைப் பள்ளங்களும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். புதுப்பிக்கும்போது கைடுவே கிரைண்டிங் அவை அனைத்தையும் துடைத்து எடுத்துவிட்டது. வேலை செய்தவர்கள்மீது குற்றம் சொல்ல முடியாது; கொடுத்த வரைபடத்தில் சமமும் நேர்கோடும் கரடுமுரட்டு அளவும் குறிக்கப்பட்டிருந்தன, பிறைகள் குறிக்கப்படவில்லை.

உரிமையாளரின் தந்தை காலத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவரை அன்று மாலை அழைத்திருந்தார்கள். அவர் பரப்பின்மீது உள்ளங்கையை ஒருமுறை ஓட்டிவிட்டு, "கண்ணாடியாட்டம் வெச்சிருக்கீங்களே தம்பி, எண்ணெய் எங்கீங்க நிக்கும்?" என்று உரிமையாளரிடம் கேட்டார். இரண்டு நாள் அளந்து நான் வந்து சேர்ந்த இடமும் அதுவே.

## என்ன செய்யலாம் என்று யோசித்தவை

பரப்பில் பள்ளங்கள் வேண்டும் என்பது தெளிவானதும், எந்தப் பள்ளம், எவ்வளவு ஆழம், எந்தப் பரப்பில் என்ற கேள்விகள் வந்தன. உரிமையாளரின் மகன் பொறியியல் படித்தவர். லேசர் கொண்டு நுண்குழிகள் இடும் முறையை முன்வைத்தார். அது கற்பனை அல்ல. நுண்ணிய மேடுபள்ளங்களால் இரண்டு இணைப் பரப்புகளுக்கு இடையே எண்ணெய் அழுத்தம் உண்டாகும் என்ற கோட்பாட்டை ஹாமில்டன், வலோவிட், ஆலன் ஆகியோர் 1966-இல் வெளியிட்டனர். 1990-களில் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள டெக்னியான் நிறுவனத்தில் இசாக் எட்சியன், சுழலும் தண்டின் ஓரம் திரவம் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல்களில் லேசர் குழிகளை இட்டு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவ்வகைக் குழிகள் நூறு மைக்ரான் அளவு விட்டமும் பத்து மைக்ரான் அளவு ஆழமும் கொண்டவை. வேகமாகச் சுழலும் சீலில் ஒவ்வொரு குழியும் ஒரு நுண்ணிய பேரிங்போல் வேலை செய்து, பரப்புகளைத் தூக்கிப் பிடிக்கிறது.

எங்களுக்கு அது பொருந்தவில்லை. பொருந்தாத காரணம் செலவு மட்டுமல்ல என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எண்ணெயில் தூக்கும் அழுத்தம் பிறக்க வேகம் வேண்டும். ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் 1886-இல் எழுதிய சமன்பாட்டிலேயே அது இருக்கிறது. பாகுநிலையையும் வேகத்தையும் பெருக்கிச் சுமையால் வகுத்துவரும் எண் சிறுத்துக்கொண்டே போனால், ஸ்ட்ரிபெக் 1902-இல் காட்டிய வளைகோட்டில் நாம் இடது ஓரத்துக்கு, உலோகமும் உலோகமும் தொடும் பகுதிக்கு, வந்துவிடுகிறோம். நிமிடத்துக்கு அரை மி.மீ. ஊரும் எங்கள் ஸ்லைடில் அந்த எண் கிட்டத்தட்டப் பூஜ்யம். எந்த வடிவில் குழி போட்டாலும் அது ஸ்லைடைத் தூக்காது. இங்கே பள்ளத்தால் இரண்டு உதவிகளை மட்டுமே எதிர்பார்க்கலாம்: பரப்பு முழுக்க எண்ணெயைச் சிறு சிறு கிணறுகளாகத் தேக்கிவைப்பது, ஒரே தொடர்ச்சியாகக் கவ்விக்கொள்ளும் பரப்பை உடைத்துத் துண்டாக்குவது. லாரி இன்ஜினில் பிஸ்டன் ஓடும் லைனரின் உட்சுவரில் ஹோனிங் செய்து விடும் குறுக்குக் கோடுகளும், பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்பும் மேல்முனையில், இதே வேலையைத்தான் செய்கின்றன.

வேலை இன்னதென்று தெரிந்தபின் அளவுகள் தாமாக வந்தன. பள்ளங்களின் இடைவெளி 40 மி.மீ. ஓட்டத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால், ஒவ்வொரு வேக ஓட்டத்திலும் பெட்டின் ஒவ்வொரு புள்ளியும் பல கிணறுகளைக் கடந்து நனையும் என்பதால், இடைவெளியை ஆறு மி.மீ. என்று வைத்தோம். அதன் பிறகு வரும் 0.3 மி.மீ. ஊர்தலில் புதிதாக எண்ணெய் வராது. சற்றுமுன் நனைந்த ஈரமே தாங்க வேண்டும். பள்ளங்கள் ஒன்றோடொன்று இணையக்கூடாது, ஓரத்தைத் தொடவும் கூடாது. இணைந்தால் அது வாய்க்காலாகி எண்ணெய் வெளியே ஓடிவிடும். பரப்பில் கால் பங்குக்கு மேல் பள்ளமாகிவிடக் கூடாது.

எந்தப் பரப்பில் என்பதில் ஃபிட்டரின் சொல்லே முடிவானது. பெட்டின் தடம் வெளியே தெரியும். கிரைண்டிங் தூசி அதன் பள்ளங்களில் படிந்தால் அதுவே எமரித் தூள்போலாகி இரு பரப்பையும் அரைக்கும். ஸ்லைடின் அடிப்பரப்பு எப்போதும் மூடியே இருக்கும். ஆகவே பெட்டை கிரைண்டிங் செய்தபடியே விட்டு, ஸ்லைடில் மட்டும் பிறைகள் இடுவது என்று தீர்மானித்தோம். (1840-இல் கிளாஸ்கோவில் ஜோசப் விட்வொர்த் தட்டைப் பரப்புகளை எமரியால் தேய்ப்பதைவிடச் சுரண்டி எடுப்பதே மேல் என்று வாதிட்டதும் இத்தகைய காரணங்களால்தான், நம் ஃபிட்டர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.) உராய்வு குறைந்த பிளாஸ்டிக் தகடு ஒட்டுவதையும் பரிசீலித்தோம். ஸ்டிக் ஸ்லிப்பை அடக்க அது நம்பகமான வழி. ஆனால் தகட்டின் தடிமனுக்கு ஸ்லைடை இழைத்து எடுக்க மறுபடி வெளியே அனுப்ப வேண்டியிருந்ததால், அதை அடுத்த படியாக ஒதுக்கினோம்.

## முதல் முயற்சி

ஃபிட்டருக்கு மணிக்கட்டில் வலி இருந்ததால், இளைய தொழிலாளி ஒருவர் மின் ஸ்க்ரேப்பரைக் கொண்டு பிறைகள் இட்டார். வெட்டிய பள்ளங்கள் கண்ணுக்கு அழகாக, பளிச்சென்று இருந்தன. மாதிரி ஒன்றில் போட்டுப் பார்க்காமல் நேரடியாக ஸ்லைடில் செய்ய ஒப்புக்கொண்டது என் தவறு.

பொருத்தி இழுத்தபோது தொடக்க விசை 58 கிலோ. நகரும் விசை 48 கிலோ, முன்னைவிடக் கூடியிருந்தது. தாவல் ஒருமுறை ஐந்து, ஒருமுறை ஒன்பது என்று ஒழுங்கில்லாமல் வந்தது. இரவு நிறுத்திவைத்தால் பழையபடி 68 கிலோ. தடத்தின் ஓரங்களில் எண்ணெய் சொட்டியது. மறுபடி தூக்கி, ஒரு மைக்ரான் லீவர் டயலைப் பள்ளங்களின் குறுக்கே ஓட்டியபோது ஆழம் 25 முதல் 30 மைக்ரான் வரை இருந்தது. பல இடங்களில் ஒரு பிறையின் நுனி அடுத்த பிறையைத் தொட்டிருந்தது, கடைசி வரிசைகள் விளிம்பைத் தாண்டியிருந்தன. எல்லாவற்றையும்விட, ஒவ்வொரு பிறையின் விளிம்பிலும் பிதுங்கிய உலோகம் மெல்லிய வரம்பாக நின்றது. ஸ்லைடு பரப்பின்மேல் உட்காரவில்லை. ஆயிரக்கணக்கான வரம்புகளின்மேல் உட்கார்ந்திருந்தது.

## மூன்று துண்டுகள்

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை இப்போது செய்தோம். பழைய வார்ப்பிரும்பில் 60 மி.மீ. சதுரமாக மூன்று துண்டுகள் வெட்டினோம். ஒன்று கிரைண்டிங் மட்டும்; ஒன்று ஆழமான பிறைகள்; ஒன்று ஃபிட்டர் கையால் இட்ட ஆழமில்லாத பிறைகள், விளிம்பு வரம்புகளை எண்ணெய்க் கல்லால் வருடி எடுத்தது. ஸ்லைடின் அடியில் உள்ள சராசரி அழுத்தம் வருவதற்காக ஒவ்வொன்றின் மீதும் 21 கிலோ ஏற்றி, கிரைண்டிங் செய்த ஒரு தட்டின்மேல் அதே எண்ணெயில் சிலமுறை முன்னும் பின்னும் ஓட்டி, ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து இழுத்தோம். கிரைண்டிங் துண்டு 4.4 கிலோவில் நகர்ந்தது; ஆழமான பிறைத் துண்டு 3.9 கிலோவில், ஆழமற்ற பிறைத் துண்டு 2.7 கிலோவில். ஒவ்வொன்றையும் ஐந்து முறை இழுத்தோம். வரிசை ஒருமுறைகூட மாறவில்லை. அரை நாளும் பழைய இரும்பும் மட்டுமே இதற்குச் செலவு.

## இரண்டாம் முயற்சி

ஆழமான பிறைகளை முழுவதும் சுரண்டி எடுக்க மூன்று நாள் ஆனது. இதை ஃபிட்டரே செய்தார். இளையவர் ஒவ்வொரு சுற்றிலும் ப்ளூ (தொடும் இடங்களைக் காட்டும் நீலச் சாயம்) தடவி, ஸ்லைடைப் பெட்டின்மேல் ஓட்டி, திருப்பி வைத்துக் கொடுத்தார். முதல் சுற்றில் நீலம் இரண்டு ஓரங்களில் மட்டும் திட்டாக விழுந்தது. நீலம் பட்ட இடங்களே உயர்ந்தவை. அவற்றை மட்டும் சுரண்டி, துடைத்து, மறுபடி ப்ளூ. கார்பைடு நுனி இரும்பைத் தொடும்போது எழும் சத்தத்தை வைத்தே வெட்டு ஆழமாகிறதா என்று அவர் கண்டுகொண்டார். "சரசர"வென்று ஒரே சீராக இருந்தால் சரி, "கிறீச்" என்றால் கை எழும்பும். பதினேழாவது சுற்றில் 25 மி.மீ. சதுரத்துக்கு இருபது பொட்டுகளுக்கு மேல், பரப்பு முழுக்க ஏறத்தாழ ஒரே அடர்த்தியில், விழுந்தன.

அதன் பிறகுதான் பிறைகள். ஓரத்தில் பத்து மி.மீ. விட்டு, நகரும் திசைக்கு நாற்பத்தைந்து பாகையில், ஒரு வரிசை ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்தது மறுபக்கம் சாயும்படி, ஒன்றை ஒன்று தொடாமல் இட்டார். ஒவ்வொரு பிறையும் எட்டு மி.மீ. நீளம்; ஆழம் 8 முதல் 12 மைக்ரானுக்குள் இருக்கிறதா என்று வரிசைக்கு ஐந்து இடத்தில் லீவர் டயலால் பார்த்தோம். காய்ந்த பட்டைகள் இருந்த நான்கு இடங்களில் மட்டும் சற்று நெருக்கமாக இட்டோம். கடைசியாக எண்ணெய்க் கல்லால் இரண்டு முறை வருடி, ப்ளூ போட்டு, பொட்டுகள் கலையவில்லை என்று உறுதி செய்தோம்.

கூடவே ஒரு பழக்கத்தையும் மாற்றச் சொன்னோம். ஆபரேட்டர் வீல்ஹெட்டை முன்னே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதன் பிறகு ஷாஃப்ட்டை மாட்டி அளப்பார். பல நிமிடம் ஸ்லைடு அசையாமல் நிற்கும். இனி ஷாஃப்ட் தயாரான பிறகே வேக ஓட்டம், உடனே ஃபீட், அதாவது மெதுவான ஊர்தல். நனைந்த ஈரம் பிதுங்கிப் போவதற்குள் ஊர்தல் முடிந்துவிட வேண்டும் என்பதே காரணம்.

## விளைவு

தொடக்க விசை 49 கிலோ, நகரும் விசை 44 கிலோ. இரவு நிறுத்திவைத்த பிறகு 53. ஐந்து மைக்ரான் திருப்பினால் டயல் பெரும்பாலும் ஐந்துக்குக் குறையாமலும் கூடாமலும் நின்றது. மீறினால் இரண்டு, மூன்று மைக்ரான். நகரும் உராய்வு தொடக்கத்தில் இருந்ததைவிட இரண்டு கிலோவே குறைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளங்கள் உராய்வைப் பெரிதாகக் குறைத்துவிடவில்லை. நகரத் தொடங்கும் எதிர்ப்பை நகரும் எதிர்ப்பின் அருகே கொண்டுவந்தன. இந்த இயந்திரத்துக்குத் தேவைப்பட்டது அதுதான்.

முதல் வாரத்தில் பேரிங் இருக்கைகள் 13 மைக்ரானுக்குள் வந்தன. காலையில் முதல் இரண்டு ஷாஃப்ட்டுகள் மட்டும் சற்று விலகின. அதற்காக, வேலை தொடங்குமுன் வீல்ஹெட்டைப் பத்து முறை முன்னும் பின்னும் ஓட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள்.

## பதினான்கு மாதம் கழித்து

தாவல் மீண்டும் நான்கைந்து மைக்ரானாகிறது என்று தகவல் வந்ததும் ஸ்லைடைத் தூக்கினோம். பெரும்பாலான பிறைகள் இட்டபடியே இருந்தன. தட்டைத் தடத்தின் முன்கோடியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பிறைகள் மறைந்து, அந்த இடம் மறுபடி கண்ணாடியாகியிருந்தது. அந்த மூலையில் தடத்தைத் துடைத்துத் தூசியைத் தடுக்கும் வைப்பர் ரப்பர் கிழிந்து, கிரைண்டிங் தூசி உள்ளே போயிருந்தது. பள்ளங்களில் சாம்பல் நிறச் சேறு. வைப்பரை மாற்றி, கழுவி, அந்த இடத்தில் மட்டும் பிறைகளை இட்டோம். இம்முறை இட்டது இளைய தொழிலாளி, கையால். மதியத்துக்குள் முடிந்தது.

## மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

எதையும் மாற்றும் முன் தொங்கு தராசை மாட்டியிருக்க வேண்டும், ஸ்லைடில் பிறை இடும் முன் மாதிரித் துண்டில் பார்த்திருக்க வேண்டும். நட்டுக்குப் போன பத்து நாளும் முதல் பிறைகளுக்குப் போன ஒரு வாரமும் அதில் மிஞ்சியிருக்கும். புதுப்பிக்கக் கொடுக்கும்போது, பழைய பரப்பில் இருந்த பள்ளங்களை முதலில் புகைப்படம் எடுத்து, ஆழம் அளந்து, வரைபடத்திலேயே குறித்திருக்க வேண்டும். கரடுமுரட்டின் சராசரி எண் ஒன்றை மட்டும் எழுதினால், வேலை செய்பவர் அதைக் குறைப்பதையே திறமையாக எண்ணுவார், அது அவருடைய பிழை ஆகாது. எண்ணெய் வாய்க்கால்களின் இடைவெளியை ஓட்டத்தின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு ஸ்கேல் போதும். அதை நான் ஸ்லைடைத் தூக்கிய பிறகே செய்தேன், வரைபடத்தைப் பார்த்தே செய்திருக்கலாம். வைப்பரை மாதம் ஒருமுறை பார்ப்பதற்கு ஆளைப் பொறுப்பாக்காமல் விட்டதும் எங்கள் குறையே.

இன்னொன்றில் எனக்கு இன்னும் தெளிவில்லை. காய்ந்த பட்டைகளில் பிறைகளை நெருக்கமாக இட்டது உண்மையிலேயே உதவியதா, அல்லது சீராக இட்டிருந்தாலும் இதே விளைவு வந்திருக்குமா என்பதை நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டாவது இயந்திரம் இந்த ஆண்டு புதுப்பிப்புக்கு வருகிறது. அதில் வி தடத்தில் சீராகவும் தட்டைத் தடத்தில் நெருக்கமாகவும் இட்டு, பதினெட்டு மாதம் கழித்துத் தூக்கிப் பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். சோதனைக்கு வெட்டிய மூன்று துண்டுகளும் எண்ணெய்த் துணியில் சுற்றி, பட்டறையின் கருவி அலமாரியில், ப்ளூ டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.